சாட்டிச் செம்மறியும் கம்பளி நூலும்

சிறுவர் பாடங்களிலே செம்மறி என்றவுடன் கம்பளி வந்துவிடும். பசு பால் தரும், கோழி முட்டை தரும், செம்மறி கம்பளி தரும். வேலணைத் தீவிலே, சாட்டியில் வாழும் பிள்ளையொன்று இதைப் படித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால் என்ன காணும்? யாழ்ப்பாணச் செம்மறி மயிராடு. குறுகிய, சுருளற்ற மயிரே அதன் போர்வை. இறைச்சிக்கும் எருவுக்குமன்றி நூலுக்கென்று அதனை எவரும் வளர்ப்பதில்லை. பாடம் ஒன்று சொல்ல, ஆடு வேறொன்று சொல்கிறது. பிள்ளை பெரும்பாலும் பாடத்தையே நம்பும். ஆட்டைப் பார்ப்பதை விட்டுவிடும். இது சிறு தீங்கன்று என்பது என் எண்ணம்.

நம் ஆட்டின் மயிரில் ஒரு பிடி எடுத்து விரல்களுக்கிடையே முறுக்கிப் பாருங்கள். முறுக்கு நில்லாது, கையை எடுத்ததும் பிரிந்து உதிரும். மெரினோ ஆட்டின் கம்பளியோ முறுக்கியவாறே நிற்கும். காரணம் மயிரின் அமைப்பிலேயே இருக்கிறது. மெரினோ மயிர் பொதுவாக 25 மைக்ரோன் தடிப்பைத் தாண்டாது. மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அம்மெல்லிய இழை நெடுகிலும் அலை அலையாய் நெளிந்திருப்பதால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கிறது. அதனைக் கழுவுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. கம்பளிக் கொழுப்பும் அழுக்கும் மிகுதியாதலால், சவர்க்காரம் கலந்த சுடுநீரில் அசையாது ஊறவிட வேண்டும். கசக்கினாலோ, சூட்டிலிருந்து திடீரெனக் குளிர்நீரில் இட்டாலோ மயிர்கள் பின்னி இறுகிக் கட்டியாகிவிடும். பின்பு பிரம்மாவே வந்தாலும் பிரிக்க இயலாது. கழுவி முடிந்ததும் நிறை பாதியாய்க் குறைவதும் உண்டு. அதன்பின் சீவி, பஞ்சுத்திரி போல் உருட்டி, நூற்க வேண்டும்.

கம்பளி என்பது மெரினோ மட்டுந்தானா? தமிழகத்திலேயே கம்பளி ஆடுகள் உள்ளன. கோயம்புத்தூர் ஆட்டுக்குக் குறும்பை என்றும், திருச்சிக் கருப்பு ஆட்டுக்குக் கருங்குறும்பை என்றும் பெயர். நீலகிரி ஆடு, உள்ளூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுண் இனங்கள் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவானது. அதன் மயிர் மென்மையானது. கருங்குறும்பையின் மயிரோ மிகவும் முரடு. அதனைத் துணி நூலுக்கு உதவாதது என்று சந்தைக்காரர் தள்ளிவிடுவர். இந்தத் தீர்ப்பை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. மெரினோவை அளக்கும் கோலால் கருங்குறும்பையை அளந்தால் வேறென்ன விடை வரும்? மழையிலும் பனியிலும் ஆட்டுக் கிடையைக் காத்துக் கிடக்கும் இடையனுக்கு மெல்லிய சால்வை எதற்கு? முரட்டு மயிரைத் தடித்த நூலாக நூற்று நெருக்கி நெய்த கம்பளி அவனுக்குக் குடையும் பாயும் போர்வையும் ஆகிறது. தக்காணத்துக் கம்பளி நெசவாளர் பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை ஊட்டி உரமேற்றுவார்கள். பெரும்பாலும் பெண்கள் நூற்பார்கள், ஆண்கள் நெய்வார்கள். ஆலைப் போர்வை மலிந்து, இறைச்சிக்கே ஆடு வளர்ப்பது இலாபமென்றான பின், கத்தரித்த மயிரை வாங்குவாரின்றி எறிந்துவிடும் நிலை வந்தது. இங்கே அழிவது ஒரு போர்வை மட்டுமன்று. எந்த மயிர் எந்த வேலைக்கு ஆகும் என்று தொட்டவுடன் சொல்லும் விரலறிவும் அழிகிறது. புகார் நகரத்து நெசவாளரைப் பட்டு, மயிர், பருத்தி என மூவகை நூலோடும் காட்டுகிறது சிலப்பதிகாரம். அந்த நடுச் சொல்லின் பொருளை மாணாக்கருக்கு விளக்க முயலும் ஆசிரியர் கையில் இன்று என்ன இருக்கிறது?

யாழ்ப்பாணத்து வெயிலில் கம்பளிக்கு என்ன அலுவல் என்று சிரிப்பார் உளர். தீவகத்தார் எத்தனை பேர் இன்று ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் பனியில் நடக்கிறார்கள்! அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கையுறை எந்த ஆட்டின் மயிர்? நோர்வேயின் பழைய செம்மறியினத்துக்கு இரட்டைப் போர்வை உண்டு. வெளியே நீண்ட முரட்டு மயிர், உள்ளே மெல்லிய மயிர். இரண்டையும் கையாற் பிரித்து வெவ்வேறு நூலாக நூற்கலாம். கழுவித் துப்புரவாக்கிய கம்பளி ஒரு பிடியை உறவினர் ஊருக்கு வரும்போது கொண்டுவருவது பெரிய காரியமன்று. நீலகிரியிலிருந்து ஒரு பிடி, கருங்குறும்பை ஒரு பிடி, நம் செம்மறியின் மயிர் ஒரு பிடி. இவற்றைத் தீவகத்துப் பள்ளி ஒன்றின் மேசையில் வைத்து, பாடப்புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளை நூற்கச் சொல்லுங்கள். நம் மயிர் ஏன் நூலாகவில்லை என்ற கேள்வியை அவர்களே கேட்பார்கள். வெப்ப நாட்டு ஆட்டுக்குத் தடித்த போர்வை எதற்கு என்று அவர்களுள் ஒருவரே விடையும் சொல்லக்கூடும்.

கதிரும் நூலும் நமக்குப் புதியன அல்ல. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்து கதர் நிதி திரட்டினார். இராட்டைக்கு வசதியில்லாத பள்ளிக்குத் தக்ளி போதும். நேரான மூங்கிற் குச்சி ஒன்று, நடுவில் துளையிட்ட வட்டச் சிரட்டைத் துண்டு ஒன்று. குச்சியின் நுனியில் நூல் மாட்டச் சிறு வெட்டு. ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம்.