கம்பி ஒன்று; விலை பல!
மின்வழங்கியைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை, அமெரிக்காவின் தெக்சாசு மாநிலப் பெரும்பகுதியில் 2002 முதல் மக்களுக்கு உண்டு. நிறுவனத்தை மாற்றலாம், ஆயின் கம்பியும் அதுவே, மின்னாற்றலும் அதுவே. மாறுவன விலையும் உடன்படிக்கையுமே!

2021 மாசிக் கடுங்குளிரில் மின்னாக்கம் தளர்ந்தது. மொத்தச் சந்தையில் சில காசளவே இருந்த அலகு விலை 9 தாலராகி, நாள்கணக்கில் நின்றது. மலிவென நம்பி அவ்விலையோடு தம் கட்டணத்தைப் பிணைத்துக்கொண்ட இல்லத்தார் தலையில் ஆயிரக்கணக்கான தாலர் விழுந்தது. நிலைத்த விலைக்கு உடன்பட்டிருந்தோர் அவ்விடருக்குத் தப்பினர். இல்லங்கட்கு அத்தகு உடன்படிக்கையை அவ்வாண்டே சட்டம் விலக்கிற்று. இழந்தபின் வந்த காவல்!

தேர்வு மட்டும் உரிமையாகாது. விளைவறியும் அறிவும், வணிகரை வரம்பில் நிறுத்தும் சட்டமும் உடனிருத்தல் வேண்டும். குறைந்த விலை காட்டுவோரிடம், ‘இவ்விலை எத்தனை திங்கள் நிற்கும்?’ என முதற்கண் வினவுக!