பட்டாவில் வேறு பெயர்: பிழையா, மோசடியா?

கேள்வி: ‘‘விற்காத நிலத்தின் பட்டாவில் வேறொருவர் பெயர் ஏறியிருக்கிறது. பதிவேட்டைத் திருத்தியவர்கள் மீது வழக்குப் போட முடியுமா?’’

- வாசகர், பூந்தமல்லி.

பதில்: முடியும். ஆனால், முதலில் அது பிழையா, மோசடியா என்று பார்த்துவிட வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். பணியின்போது, பக்கத்து நிலத்துக்காரர் பெயர் தவறுதலாக ஏறிய பட்டாக்கள் ஏராளம். அதற்குக் காவல் நிலையம் போனால், வருவாய்த் துறைக்குத்தான் திருப்பி அனுப்புவார்கள். யூ.டி.ஆர். பிழைக்கு மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். பிற்பாடு தாசில்தார் போட்ட பட்டா மாறுதல் உத்தரவு என்றால், கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. அம்பத்தூர் வட்டம் 2018-ல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆவடி, பூந்தமல்லி வட்டங்கள் திருவள்ளூரில்தான் இருக்கின்றன. கலெக்டர் ஆபீஸ் மாறிப் போய் அலைய வேண்டாம்.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். கிரயமோ, பவரோ பதிவாகியிருந்தால் அந்தப் பத்திரத்தின் நகலை எடுக்க வேண்டும். எந்தப் பத்திரமும் இல்லாமலே பட்டா மாறியிருந்தால், எந்த உத்தரவின்படி பெயர் மாறியது, என்ன ஆவணம் கொடுத்தார்கள் என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பழைய ‘அ’ பதிவேட்டின் சான்றிட்ட நகலைப் புகார் கொடுப்பதற்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது.

மோசடி என்று தெரிந்தால், ஆவடி காவல் ஆணையரகத்தின் மத்தியக் குற்றப்பிரிவில் புகார் செய்யலாம். அரசு ஊழியர் பராமரிக்கும் பதிவேட்டைப் போலியாக உருவாக்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 337-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. கெடுதல் செய்யும் நோக்கத்தோடு ஆவணத்தைத் தவறாகத் தயாரித்த அரசு ஊழியருக்கு 201-வது பிரிவில் 3 ஆண்டு வரை. 2024 ஜூலை 1-க்கு முன்பு நடந்த குற்றம் என்றால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 466, 167 பிரிவுகள் பொருந்தும்.

குற்றவாளி சிறைக்குப் போனாலும் போலிப் பத்திரம் தானாக ரத்தாகாது. மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய வழிசெய்த 77-ஏ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. எனவே, சிவில் நீதிமன்றம்தான் வழி. விஷயம் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். காவல்துறை விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் இந்தக் கெடு தாண்டிவிடும். புகாரோடு நகல்களை மட்டும் இணைத்தால் போதும். விசாரணைக்கு மூலப் பத்திரம் கேட்டால், எழுத்து மூலம் ஒப்புகை வாங்கிக்கொண்டே கொடுக்க வேண்டும்.