முகாமுக்குப் போனால் பதிவு போய்விடுமா?

தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் என்றதும் சேலம், நாமக்கல் பக்கம் பலருக்கும் வரும் பயம் இது: "அங்கே வேலையில் சேர்ந்தால் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் பதிவு ரத்தாகிவிடுமே!"

ஆகாது. மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் முகாமில் தனியார் வேலை கிடைத்தாலும், பதிவும் சீனியாரிட்டியும் அப்படியே இருக்கும். மூன்று வருடங்களுக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பித்தால் போதும். முகாமுக்குக் கட்டணமும் கிடையாது. பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

லாரி பாடி பட்டறையில் கூலிக்கு வெல்டிங் வைக்கிறீர்கள், சொந்தப் பட்டறை போட ஆசையா? பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால், 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவிகிதம் மானியம் உண்டு, உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய். மாவட்ட தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

பயந்து வீட்டில் இருந்தால்தான் நஷ்டம்!