பழைய தொட்டியும் புதிய தொட்டிலும்



வல்லத்திராக்கோட்டையில் குழந்தை பிறந்திருந்த ஓர் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். திண்ணையை அடைத்துக்கொண்டு கண்ணாடி மீன்தொட்டி ஒன்று இருந்தது. நீளம் 6 அடி, அகலமும் உயரமும் 2 அடி. புதுக்கோட்டையில் வீட்டைக் காலி செய்த உறவினரிடம் மலிவாகக் கிடைத்ததாம். "கூடத்தில் தொட்டிலுக்கு எதிரே வைக்கப் போகிறோம் சாமி. பிள்ளை மீனைப் பார்த்துக்கொண்டே வளரட்டும்" என்றார் இளந்தந்தை. நமக்கோ மீன் நினைவுக்கு வரவில்லை, தொட்டில்தான் வந்தது.

கணக்கைச் சொன்னோம். 24 கன அடி நீர் என்பது ஏறக்குறைய 680 லிட்டர். அதாவது 680 கிலோ. கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் முக்கால் டன்னைத் தாண்டும். முன்பக்கக் கண்ணாடியை மட்டுமே நீர் சுமார் 340 கிலோ விசையுடன் இரவும் பகலும் தள்ளிக்கொண்டிருக்கும். இளைஞர் நம்ப மறுத்தார். அவருடைய தந்தையார் உழவர், உடனே புரிந்துகொண்டார். "கண்மாய் எவ்வளவு பரந்து கிடந்தாலும் பரவாயில்லை சாமி, ஆழந்தானே கரையைத் தள்ளும்" என்றார். நீரியல் நூல் சொல்வதும் இதுவே. தொட்டியின் நீளத்தைவிட உயரத்துக்கே அஞ்ச வேண்டும்.

பெர்லின் மாநகரில் ஒரு விடுதியினுள் நின்ற 'அக்வாடோம்' என்னும் பெருந்தொட்டி, 2022 டிசம்பர் 16 அன்று விடியுமுன் வெடித்துச் சிதறியது. பத்து லட்சம் லிட்டர் நீரும் சுமார் 1,500 மீன்களும் வெளியே பாய்ந்தன. அந்த நேரத்தில் அங்கே கூட்டமில்லாததால் இருவர் காயமுற்றதோடு போயிற்று. ஆராய்ந்த வல்லுநர், காரணத்தை உறுதியாகக் கூற இயலவில்லை என்று 2023இல் அறிவித்தார். ஒட்டு தளர்ந்திருக்கலாம், செப்பனிட்டபோது வடு விழுந்திருக்கலாம், நீரின்றிக் காய்ந்து கிடந்தது கெடுத்திருக்கலாம் என்ற மூன்று ஐயங்களையே அவர் குறித்தார். அது அக்ரிலிக் தொட்டி. கண்ணாடியின் இயல்பு வேறு. எனினும் பழைய தொட்டி எதனிடமும் கேட்கத்தக்க கேள்விகள் இவை.

ஆகவே கேட்டோம். ஈராண்டுகள் மொட்டைமாடியில் காய்ந்து கிடந்ததாம். பின்னர் வண்டியில் குலுங்கி வந்திருக்கிறது. கண்ணாடியின் கனம் 12 மில்லிமீட்டர், அதில் குறையில்லை. மேல்விளிம்பில் குறுக்கே ஒட்டும் கண்ணாடிப் பட்டைகளும் இருந்தன. இவற்றை இடைஞ்சல் என்று சிலர் பெயர்த்து விடுகிறார்கள், பெரும் பேதைமை. ஓரங்களில் விரலை ஓட்டிப் பார்த்ததில் சில்லு பெயர்ந்த இடம் எதுவுமில்லை. ஆனால் பின்மூலை ஒன்றில் சிலிக்கன் பசை வெளிறி, உள்ளே காற்றுக் குமிழிகள் கோத்தாற்போல் நின்றன. நகத்தால் நெருடினால் பசையின் ஓரம் எழும்பியது. பாசி சுரண்டிய பிளேடு பட்டிருக்க வேண்டும்.

"மேலே புதுப் பசை தடவிவிட்டால் போதாதா?" என்றார் இளைஞர். போதாது. உலர்ந்த பழைய சிலிக்கன்மேல் புதியது உறுதியாய்ப் பற்றாது. பழையதை அறவே சுரண்டியெடுத்து ஒட்ட வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவது பாதியே என்பதால், வீட்டிற்கு வெளியே நீர் நிரப்பிப் பார்க்கச் சொன்னோம். கொத்தனாரின் ரசமட்டம் வைத்துத் தாங்கியைச் சமன்செய்து, அதன்மேல் பலகையும் தெர்மாகோலும் பரப்பி, தொட்டியை நிழலில் வைத்தார்கள். சுற்றிலும் பழைய செய்தித்தாள். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு நீர். முன்பக்கத்தின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு பென்சிலை நிறுத்தி, அவற்றின்மேல் நூலை இழுத்துக் கட்டினோம். நூலுக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள இடைவெளி, நீர் ஏறும்போது சற்றுக் குறைவது இயல்பு. நீர் ஏறாதபோதும் குறைந்துகொண்டே போனால் தொட்டி ஆகாது. நிரம்பிய பின்னும் ஒரு வாரமாவது காத்திருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவந்தோம். அருகே பிள்ளைகளை விடலாகாது என்பதையும் சொன்னோம்.

ஒரு வாரம் தேவைப்படவில்லை. இரண்டாம் நாள் மாலை பின்மூலையில் செய்தித்தாள் நனைந்திருந்தது.

விற்றவர் மனம் நோகுமே என்று வீட்டார் தயங்கினார்கள். அவர் ஏமாற்றவில்லை, அவர் வீட்டில் அது ஒழுகாமல்தான் இருந்தது. இதைச் சொல்லி அவருக்கு நாமே கடிதம் எழுதினோம். தொட்டி இப்போது கண்ணாடிக்கடையில் பிரிக்கப்பட்டுக் கிடக்கிறது. மீண்டும் ஒட்டி, மறுபடி வெளியே சோதித்த பின்னும், ஒன்றரை அடிக்குமேல் நீர் நிரப்புவதில்லை என்று முடிவாயிற்று. அதனால் முன்கண்ணாடியின் சுமை 340 கிலோவிலிருந்து ஏறக்குறைய 190 கிலோவாகக் குறையும். தொட்டி எங்கே வந்தாலும் தொட்டில் உள்ளறையில்தான் என்று பாட்டியார் சொல்லிவிட்டார்.