பிள்ளை பெற்றவள் தலை வாரக் கூடாதா?



பிள்ளை கிடைத்த வீட்டில் தாயின் தோற்றத்தைப் பற்றி இரண்டு விதமான பேச்சு அடிபடும். அவள் சற்றுத் தலையை வாரி, நல்ல சட்டையொன்றை உடுத்திக்கொண்டு வெளியே வந்தால், "பிள்ளையைப் பார்க்க நேரமில்லை, கண்ணாடி பார்க்க நேரமிருக்குது" என்பார்கள். கலைந்த தலையோடு இருந்தாலோ, "கலியாணத்தில் எப்படி இருந்த பிள்ளை, இப்ப பாருங்களேன்" என்பார்கள். இரண்டையும் ஒரே மாமியே ஒரே வாரத்தில் சொல்வதும் உண்டு. இடையில் அகப்பட்டுத் தவிப்பவள், இரவில் மூன்று தடவை எழும்பிப் பால் கொடுத்த அந்தத் தாய்தான்.

மார்க்கம் இந்த இரண்டு பேச்சையும் ஏற்கவில்லை. அலங்காரத்தை ஹராமாக்கத் துணிந்தவர்களை அல்-அஃராப் அத்தியாயத்தின் 32ஆம் வசனம் கண்டிக்கிறது. ஆகவே தாயானவள் தன்னை அழகாக வைத்துக்கொள்வது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல. ஆனால் எந்நேரமும் மணப்பெண் போல் இருக்க வேண்டும் என்று அவளிடம் கேட்கப்படவுமில்லை. இதற்கு ஸஹீஹுல் புஹாரியில் வரும் இரண்டு சம்பவங்கள் போதும்.

முதலாவது, ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிப்பது. ஒரு யுத்தப் பயணத்திலிருந்து திரும்பியவர்கள் மதீனாவை அண்மித்ததும் உடனே வீடுகளுக்குள் நுழைய விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்களோ இரவு வரும்வரை பொறுத்திருக்கச் சொன்னார்கள். தலைமுடி கலைந்திருக்கும் மனைவி வாரிக்கொள்ளவும், நீக்க வேண்டிய உரோமங்களை நீக்கிச் சுத்தமாகிக்கொள்ளவும் அவகாசம் கிடைக்கட்டும் என்பதே காரணம். சற்று யோசித்துப் பாருங்கள். பெண்ணின் தலை கலைந்திருப்பது அங்கே குற்றமாகப் பேசப்படவில்லை. அவள் சீப்பை எடுப்பதற்கு நேரம் வேண்டும் என்று பயணத்தால் களைத்து வந்த ஒரு கூட்டமே ஊருக்கு வெளியே காத்திருந்தது. இன்றைய கணவர்மாருக்குக் கையில் போன் இருக்கிறது. நாலு நண்பர்களைத் திடீரென்று கூட்டிவந்து கதவைத் தட்டிவிட்டு, "இப்படியா இருப்பது?" என்று மனைவியைக் கேட்பவர்கள் இந்த ஹதீஸை ஒரு தடவை படிக்கட்டும்.

இரண்டாவது, ஸல்மான் அல்பாரிஸி (ரழி) அவர்கள் தமது சகோதரர் அபூதர்தா (ரழி) அவர்களின் வீட்டுக்குப் போன சம்பவம். உம்முதர்தா (ரழி) அவர்கள் அழகைப் பேணாத கோலத்தில் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். கணவருக்கு இவ்வுலகில் நாட்டமில்லை என்று விடை வந்தது. ஸல்மான் (ரழி) அவர்கள் அந்தப் பெண்ணுக்கு உபதேசம் செய்யவில்லை. இரவெல்லாம் வணக்கத்திலும் பகலெல்லாம் நோன்பிலும் இருந்த கணவரைப் பிடித்து, குடும்பத்துக்கும் உன்மேல் உரிமை உண்டு என்று உணர்த்தினார்கள். நபி (ஸல்) அவர்களும் அதைச் சரிகண்டார்கள். வாடிப்போன ஒரு மனைவியைக் கண்டால் முதலில் யாரை விசாரிக்க வேண்டும் என்பது இதில் இருக்கிறது.

இனி, நேரம் குறைந்த ஒரு தாய் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பார்ப்போம்.

வைத்துக்கொள்ள வேண்டியவற்றில் முதலாவது தொழுகையோடு சம்பந்தப்பட்டது. எமது ஊர்களில் நாற்பதாம் நாள் குளிப்பு வரைக்கும் தொழுகை இல்லை என்றொரு எண்ணம் வேரூன்றியிருக்கிறது. நிபாஸ் எனும் பிரசவ உதிரம் பெரும்பாலும் 40 நாட்கள் வரை நீடிக்கும், ஷாபிஈ மத்ஹபில் அதன் உச்ச எல்லை 60 நாட்கள் என்பது உண்மைதான். ஆனால் குறைந்த எல்லைக்கு நாள் கணக்கு இல்லை. 25ஆம் நாளில் உதிரம் முற்றாக நின்றுவிட்டால் அன்றே குளித்துத் தொழ வேண்டும். சடங்குக்காக மீதிப் பதினைந்து நாட்களைக் கழித்தால், நாளொன்றுக்கு ஐந்து வீதம் 75 தொழுகைகள் போய்விடுகின்றன. சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்று, காயத்தில் நீர் படக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தால், மற்ற இடங்களைக் கழுவிக் காயத்துக்காகத் தயம்மும் செய்துகொள்ளலாம். விபரத்தை ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

பிள்ளையை வைத்துக்கொண்டு கடமையான குளிப்பைக் குளிக்கும்போது நீண்ட முடி பெரும் பாரம். இதே கஷ்டத்தை உம்மு ஸலமா (ரழி) அவர்கள் ஜனாபத் குளிப்பைப் பற்றி நபியவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். பின்னலை அவிழ்க்க வேண்டியதில்லை, தலையில் மூன்று தடவை நீரள்ளி ஊற்றினால் போதும் என்ற கருத்தில் பதில் கிடைத்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. முடியின் உட்பகுதிக்கும் வேருக்கும் நீர் சேர வேண்டும் என்பதே எமது மத்ஹபின் நிபந்தனை. சேராதபடி இறுக்கமாகப் பின்னியிருந்தால்தான் அவிழ்க்க வேண்டும். ஆகவே தளர்வான ஒற்றைப் பின்னல், அல்லது சிறு கொண்டை. அழகுக்கும் அதுவே போதும்.

முடியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாயின் முடி கொட்டும் என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. சிரிப்புக்கும் முடிக்கும் சம்பந்தமில்லை, ஆனால் காலம் சரியாகத்தான் இருக்கிறது. கர்ப்பத்தின்போது ஓமோன்களின் மாற்றத்தால் உதிராமல் நின்ற முடி, பிரசவத்தின் பின் மூன்று மாதமளவில் சேர்த்து உதிர்கிறது. பெரும்பாலான தாய்மாருக்குப் பிள்ளையின் ஒரு வயதுக்குள் பழைய நிலை திரும்பிவிடும். கண்ணூறு என்று பயந்து விலைகூடிய எண்ணெய்களுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஒரு வருடம் கடந்தும் நிற்காவிட்டால் இரத்தக்குறைவோ தைரொயிட் கோளாறோ இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

நகம் வெட்டுவதும் உரோமம் களைவதும் பித்ராவைச் சேர்ந்தவை. இவற்றை நாற்பது நாட்களுக்கு மேல் பிற்போடக் கூடாது என்பது அனஸ் (ரழி) அவர்கள் அறிவித்த எல்லை. இதுதான் தாய் தவறவிடக் கூடாத குறைந்தபட்சம். நகத்தை வாரம் ஒருமுறை வெட்டுவது பிள்ளையின் மெல்லிய தோலுக்கும் நல்லது. கியூடெக்ஸ் வுழூவின் நீரைத் தடுக்கும், தொழுகைக்குத் தொழுகை அதைச் சுரண்டிக்கொண்டிருக்க எந்தத் தாய்க்கு நேரமுண்டு? மருதோன்றியின் நிறம் நீரைத் தடுக்காது. இலையை அரைத்துப் போடுங்கள். சில நிமிடங்களில் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கப்படும் "கறுப்பு மருதோன்றி"யில் முடிச்சாயத்துக்குப் பாவிக்கும் இரசாயனம் கலக்கப்படுவதுண்டு. அது தோலைக் கொப்புளிக்க வைத்துத் தழும்பு விட்டுப்போகும்.

விட வேண்டியவற்றில் முதலில் வருவது முகத்தை வெளுக்க வைக்கும் கிறீம். கர்ப்பத்தில் கன்னத்தில் விழுந்த கறுப்பைக் கண்டு பல பெண்கள் பெயர் விபரமற்ற கிறீம்களை வாங்குகிறார்கள். இவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கையும் அழகுசாதனங்களில் பாதரசத்தைத் தடைசெய்ய வழிசெய்தது. பாதரசம் தாயின் தோல் வழியாக இரத்தத்தில் சேர்கிறது, சிறுநீரகத்தைத் தாக்குகிறது. பூசிய முகத்தில் பிள்ளை கன்னத்தை வைத்துத் தேய்க்கும், அந்தக் கையையே வாயில் வைக்கும். லேபலில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத கிறீம் எதுவும் பாலூட்டும் தாயின் அறைக்குள் வரக்கூடாது. அந்தக் கறுப்பு பலருக்கு மாதங்கள் செல்ல மங்கிவிடும். வெயிலில் முகத்தை மறைத்துக்கொள்வது அதற்கு உதவும்.

சுர்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இஸ்மித் இடுவது சுன்னத் என்பதில் பேச்சில்லை. ஆனால் சந்தையில் சுர்மா, மை என்ற பெயரில் விற்பவற்றில் ஈயம் கலந்தவை உண்டு. பிறந்த பிள்ளையின் கண்ணிலும் புருவத்திலும் அவற்றைத் தீட்டுவதை விட்டுவிடுங்கள். ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், சுன்னத்தின் பெயரால் அதைச் செய்ய வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

கடும் வாசனைத் திரவியமும் சில மாதங்களுக்கு வேண்டாம். பிள்ளை தாயை அவளது மேனி மணத்தால் அறிகிறது. கழுத்துச் சங்கிலியும் தொங்கும் காதணியும் பிள்ளையின் கைக்குச் சிக்கும்வரை அலுமாரியில் இருக்கட்டும். முன்பக்கம் திறக்கும் பருத்திச் சட்டை நாலைந்து, நல்ல நிறத்தில், தோய்த்து மடித்து வைத்திருந்தால், வீட்டுக்கு அதுவே அலங்காரம். புருவம் மழிப்பது பற்றிய சட்டத்தை வேறொரு மாதம் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

ஆசிரியையாக அல்லது வேறு அரச தொழிலில் இருப்பவர்களுக்குச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் பிரசவ விடுமுறை உண்டு. அது முடிந்து போகத் தொடங்கும் காலை, வீட்டில் மிக அவசரமான காலை. சாரிக்கு ஊசி குத்தும் நேரத்தில் பிள்ளை பாலைக் கக்கும். ஹபாயாவை முதல் நாளிரவே அழுத்தி வைப்பது பாதி வேலை. மீதிப் பாதி வாப்பாவுடையது. நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்ததாக ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தன் மனைவி தனக்காக அலங்கரிப்பதை விரும்புவது போல, தானும் அவளுக்காக அலங்கரிப்பதை விரும்புவதாக இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் கூறியதாகவும் வருகிறது. சாரம் சுருண்டு, வியர்வை நாறும் பெனியனோடு சாய்வு நாற்காலியில் கிடந்துகொண்டு மனைவியின் தோற்றத்தைக் குறை சொல்பவர் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுவது உங்கள் விருப்பம், சகோதரி. காட்டினால், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அரை மணித்தியாலம் பிள்ளையை அவர் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குளித்து, தலை வாரி, ஈரம் காயும்வரை இருந்து, ஒரு கோப்பைத் தேநீரைச் சூடாகவே குடித்துவிட்டு எழும்ப அந்த நேரம் போதும்.