கையெழுத்து கேட்கும் முன் காது கொடுங்கள்!

2004 டிசம்பர் 26 அன்று தமிழகக் கடற்கரையைச் சூறையாடிய சுனாமிக்கு ஏறத்தாழ 8,000 உயிர்களைப் பறிகொடுத்தோம். அவற்றில் 6,000-க்கும் மேற்பட்டவை அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் போனவை. ஆண்டுதோறும் அந்த நாளில் கடலில் பால் ஊற்றுகிறோம். நினைவுத்தூண்களில் மலர் வைக்கிறோம். ஆனால், உயிர் பிழைத்தவர்கள் அடுத்த சில மாதங்களுக்குள் எடுத்தே ஆகவேண்டியிருந்த முடிவைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அதே கரையில் இருப்பதா, கடலை விட்டுத் தள்ளிப் போவதா, போன பிறகு திரும்பி வரலாமா? அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் தரங்கம்பாடியிலும் அன்று வீட்டுக்கு வீடு எழுந்த இந்தக் கேள்வி, ஒவ்வொரு புயலுக்கும் வெள்ளத்துக்கும் நிலச்சரிவுக்கும் பிறகு ஏதோ ஓர் ஊரில் எழுந்துகொண்டேதான் இருக்கிறது.

சுனாமி முடிந்து மூன்று மாதங்கள் ஆன நிலையில், 2005 மார்ச் 30 அன்று தமிழக அரசின் வருவாய்த் துறை அரசாணை எண் 172-ஐ வெளியிட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீட்டை இழந்தவர்கள், அந்த எல்லைக்கு அப்பால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பிலான வீட்டை இலவசமாகப் பெறலாம். கரையிலேயே இருக்க விரும்பினால் தடை இல்லை. சேதமான வீட்டை அவர்களே சீர்செய்துகொள்ளலாம். ஆனால், அதற்கு அரசு உதவி கிடையாது. புதிய வீட்டை ஏற்பவர்கள் கரையிலுள்ள பழைய வீட்டையும் மனையையும் அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

இந்த ஆணையில் பாராட்ட வேண்டியவையும் உண்டு. யாரையும் வலுக்கட்டாயமாக வெளியேற்றச் சொல்லவில்லை. புதிய வீட்டின் உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்றது. தலைமுறை தலைமுறையாகப் பட்டா என்ற ஒன்றையே பார்க்காத குடும்பங்களுக்கு அது பெரிய வரம்.

ஆனாலும், படகு உடைந்து, வலை அறுந்து, பிள்ளையைப் பறிகொடுத்து, தகிக்கும் தற்காலிகக் கொட்டகையில் கிடந்த ஒரு குடும்பத்திடம், “போனால் வீடு உண்டு, இருந்தால் ஒன்றும் இல்லை” என்று சொல்வதற்குப் பெயர் விருப்பத் தேர்வா? கேள்வியை அமைத்த விதத்திலேயே பதிலும் எழுதப்பட்டுவிட்டது. ‘மக்களே விரும்பிப் போனார்கள்’ என்று கோப்பில் மட்டும் பதிவாகும்.

கரையை விட்டு வர மறுப்பவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். அவர்கள் போடுவது தெளிவான பிழைப்புக் கணக்கு. படகும் இன்ஜினும் வலையும் கரையில் கிடக்கின்றன. பல லட்சம் ரூபாய்க் கடனில் வாங்கிய அவற்றைக் கண்காணிக்க ஆள் வேண்டும். இரண்டு மணிக்கா, நான்கு மணிக்கா, எப்போது கடலுக்குப் போகலாம் என்பதைக் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். படகு திரும்பும் நேரத்தில் ஏலம் எடுக்கப் பெண்கள் கரையில் நிற்க வேண்டும். விற்காமல் மிஞ்சிய மீனைக் கருவாடாக்க வெயிலும் மணலும் வேண்டும். மீன்கூடையோடு பேருந்தில் ஏறவே பாடுபடும் பெண்களுக்கு, இரண்டு கிலோமீட்டர் தள்ளிப்போவது என்றால் அன்றாடம் ஆட்டோ வாடகைக்கு அழுவது என்று பொருள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு, வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்த தனுஷ்கோடியில், பல பத்தாண்டுகள் மின்சாரம்கூட இல்லாமல் மீனவக் குடும்பங்கள் தங்கியிருந்ததற்கும் காரணம் இந்தக் கணக்குதான். அங்கே மீன்பாடு இருந்தது.

அதே சமயம், அலைச்சத்தம் கேட்டாலே உறக்கம் கலைந்து எழுந்து உட்காரும் தாய்மார்களும் அதே கரையில் இருந்தார்கள். கணவனுக்குக் கடல் வேண்டும். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த மனைவிக்கு அந்தத் திசையே வேண்டாம். பாட்டிக்குத் தன் தெருவும் கோயிலும் வேண்டும்; மகளுக்குக் கல்லூரிக்குப் போகப் பேருந்து வரும் ஊர் வேண்டும். ஒரு கூரைக்குள் நான்கு விதமான நியாயங்கள். படிவத்திலோ ஒரே ஒரு பதிலுக்குத்தான் இடம். ஆகவே, யார் முடிவெடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே நாம் கேட்டாக வேண்டும்.

சென்னையில் இந்த முடிவின் விலை இன்னும் அதிகம். சுனாமியில் வீடிழந்த பட்டினப்பாக்கம் பகுதிக் குடும்பங்கள் பல, இருபது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. கடலிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக் குடியமர்த்திய அந்த இடத்தை 2015 டிசம்பர் வெள்ளம் மூழ்கடித்தது. அதே வெள்ளத்தைக் காரணம் காட்டி அடையாற்றங்கரைக் குடும்பங்களை எங்கே அனுப்பினார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்துக்கு. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் மயிலாப்பூரையும் சைதாப்பேட்டையையும் நம்பியிருந்தவர்களின் நாள்கூலியில் ஒரு பங்கு பயணத்துக்கே போனது. கல்வியாண்டின் நடுவே இடம்பெயர்க்கப்பட்ட பிள்ளைகளில் பள்ளியைவிட்டு நின்றவர்கள் உண்டு. மாநகருக்குள் மீண்டும் வாடகை வீடு தேடி வந்தவர்களை, ‘கொடுத்த வீட்டை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள்’ என்று பழித்தோம். வீடு கிடைத்த இடத்தில் வேலை கிடைக்கவில்லை என்பதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

இருப்பதா, போவதா என்று முடிவெடுக்கும் உரிமைகூட இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடி நிலச்சரிவில் 70 உயிர்கள் போயின. பெரும்பாலானோர், கயத்தாறு வட்டாரத்தைப் பூர்விகமாகக் கொண்ட தமிழ்த் தேயிலைத் தொழிலாளர்கள். அவர்கள் வாழ்ந்த லயங்கள் எனும் வரிசை வீடுகள் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். மலை அச்சுறுத்துகிறது என்று வெளியேற நினைத்தால் வேலையையும் சேர்த்தே விட வேண்டும். பல தலைமுறை உழைத்தும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? ஆபத்து தெரிந்தும் இருந்தார்கள் என்று அவர்களைச் சொல்வது அநியாயம். போக வழியில்லாமல் இருந்தார்கள் என்பதே உண்மை.

2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு கேரள அரசு ஒரு படி முன்னே போயிருக்கிறது. முண்டக்கை, சூரல்மலைக் குடும்பங்களுக்குக் கல்பற்றா எல்ஸ்டன் எஸ்டேட்டில் ஏழு சென்ட் நிலத்தில் 1,000 சதுர அடி வீடு என்றும், அந்த நகரியத்தில் குடியேற விரும்பாதவர்களுக்கு 15 லட்சம் ரூபாய் என்றும் அறிவித்தது. தொகை போதுமா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால், அரசு காட்டும் இடத்துக்கு வர மறுக்கும் குடும்பத்துக்கும் உதவி உண்டு என்ற கொள்கையை நாம் வரவேற்கிறோம்.

பணத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதே யார் திரும்புவார்கள் என்பதைத் தீர்மானித்துவிடும். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. வீடு கட்ட வழங்கிய உதவியை, புயலுக்கு முந்தைய சந்தை மதிப்பு, மறுகட்டுமானச் செலவு இரண்டில் எது குறைவோ அதன்படி கணக்கிட்டார்கள். கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் வீட்டு மதிப்பு எப்போதும் குறைவு. எனவே, ஒரே அளவு வீட்டைக் கட்ட அவர்களுக்குக் குறைந்த பணமே கிடைத்தது. வழக்குத் தொடர்ந்து, 2011-ல் சமரசம் காண்பதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. ‘திரும்பி வராதே’ என்று அந்த மக்களிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு சூத்திரமே அந்த வேலையைச் செய்துவிட்டது.

இருப்பது, போவது என்று அரசு இரண்டு கட்டங்களை வைக்கிறது. குடும்பங்களோ இரண்டுக்கும் நடுவே வாழ்கின்றன. ஊருக்குள் வீடு, கரையில் ஒரு கொட்டகை. பகலில் அங்கே, இரவில் இங்கே. சுனாமிக் குடியிருப்புகளில் 300 சதுர அடி சொச்சத்தில் கட்டிய வீடுகளுக்குள் இரண்டு மகன்களுக்குத் திருமணமாகி, பேரப்பிள்ளைகளும் வந்த பிறகு, ஒரு மகன் கரைக்குத் திரும்பிக் குடிசை போடுகிறான். அதை ஆக்கிரமிப்பு என்று எழுதுகிறது அரசு. அந்தக் குடும்பத்துக்கு அது பூர்விக மண். கடல்முகம் இல்லாமல் இயங்க முடியாத தொழில்களுக்குக் கடற்கரை ஒழுங்காற்று விதிகளே இடம் தருகின்றன. துறைமுகம் கரையில் எழலாம் என்றால், கடல்முகம் இல்லாமல் ஒரு நாளும் நடக்காத மீன்பிடித் தொழிலுக்கு அந்தக் கரையில் முதல் உரிமை இல்லையா?

கடலரிப்பும் பெருமழையும் கூடிவரும் காலம் இது. தமிழகத்தில் இன்னும் பல ஊர்கள் இந்தக் கேள்வியைச் சந்திக்கப்போகின்றன. ஆகவே, சில விதிகளை முன்கூட்டியே சட்டமாக்குங்கள் என்று கேட்கிறோம். பாதுகாப்பான வீட்டுக்கு விலையாகப் பழைய மண்ணின் உரிமையைக் கேட்காதீர்கள். மக்கள் காலிசெய்த கரையையும் மலையையும் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என உறுதி கொடுங்கள். இருக்க முடிவெடுப்பவர்களுக்கும் உயர்த்திய அடித்தளத்தில் வீடு கட்ட நிதியும், எச்சரிக்கை வசதியும், ஓடித் தப்ப அகலமான பாதையும் தாருங்கள். பிணவாடை அடங்கும் முன்பே படிவத்தை நீட்டாதீர்கள். முடிவை மாற்றிக்கொள்ளச் சில ஆண்டுகளாவது அவகாசம் கொடுங்கள். மனைவியிடமும் மகளிடமும் தனியாகக் கேளுங்கள். வாடகைக்குக் குடியிருந்தவரையும் லயத்தில் வாழ்ந்தவரையும் கணக்கில் சேருங்கள். பள்ளியும் பேருந்தும் மருத்துவமனையும் வந்த பிறகே மக்களைக் குடியேற்றுங்கள். அந்த இடம் வெள்ளத்தில் மூழ்காது என்பதை மழைக்காலத்தில் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.

பேரிடரில் மனிதர்கள் முதலில் இழப்பது, தங்கள் வாழ்க்கை தங்கள் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையை. புதிய வீட்டுச் சாவியோடு அந்த நம்பிக்கையையும் திருப்பிக் கொடுப்பதுதான் மறுவாழ்வு. அதைத் தரும் பொறுப்பிலிருந்து எந்த அரசும் நழுவிக்கொள்ள நாம் இடம் தரக் கூடாது.