இறகு கொட்டும் மூன்றாம் மாதம்



வைகாசி பிறந்துவிட்டால் நம் இதழின் அலுவலகத் தொலைபேசியில் ஒரே கேள்வி ஊர் மாற்றி ஊர் வந்துகொண்டிருக்கும். "மாசியில பொரிச்ச குஞ்சுங்க. நல்லா ஓடியாடிட்டுத்தான் இருந்துச்சு. இப்பக் கழுத்தெல்லாம் மொட்டையாப் போச்சுங்க. என்ன மருந்து குடுக்கறதுங்க?" அன்னூரிலிருந்தும் கேட்பார்கள், காங்கேயத்திலிருந்தும் கேட்பார்கள். பெரும்பாலும் பெண்கள். கோழி விற்ற காசு பல வீடுகளில் அவர்கள் யாரையும் கேட்காமல் செலவழிக்கிற காசு. ஆகவே அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது. இந்த மாதப் பக்கத்தை அந்தக் கேள்விக்கே கொடுத்துவிடுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். குஞ்சு சுறுசுறுப்பாகத் தீனி பொறுக்குகிறது, எச்சம் நன்றாக இருக்கிறது, மொட்டையான இடத்தில் முள் முள்ளாகப் புது இறகு எட்டிப் பார்க்கிறது என்றால் மருந்தே வேண்டாம். அது வளர்கிறது, அவ்வளவுதான்.

பொரிந்த குஞ்சின் உடம்பில் இருப்பது வெறும் தூவி. சில நாளிலேயே சிறகில் இறகு முளைக்கத் தொடங்கி, ஐந்தாறு வாரத்தில் உடம்பு மூடிவிடும். நாம் அதையே முழு இறகு என்று நினைத்துக்கொள்கிறோம். ஏழெட்டு வாரத்திலிருந்து அதுவும் கழன்று அடுத்த இறகு வரும். ஐந்து மாதம் ஆகி வெடக்கோழி முட்டைக்கு வருவதற்குள் இந்த மாற்றம் இரண்டு மூன்று முறை நடந்து முடிந்திருக்கும். பல்லடம் பக்கத்துக் கொட்டகைகளில் கறிக்கோழி ஏறக்குறைய 40 நாளில் இரண்டு கிலோ எடை வந்து வண்டி ஏறிவிடுகிறது. அதற்கு இந்த மூன்றாம் மாதம் வருவதே இல்லை. பண்ணைக் கோழியை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் நாட்டுக்கோழியில் இதைக் கண்டு மிரள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெருவிடை என்னும் நாட்டுக்கோழி வகையை வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காகம், கீரி, மயில் என்று சேவலை நிறம் பார்த்துப் பெயர் சொல்லும் ஊர் நம் ஊர். ஆனால் இரண்டு மாதக் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, இது இன்ன நிறம்தான் என்று அடித்துச் சொல்ல அனுபவசாலிகள் தயங்குவார்கள். கழுத்திலும் இடுப்பிலும் கூரான, மினுக்கமான இறகு வந்து, வாலில் வளைவு விழுந்த பிறகுதான் சேவலின் நிறம் உறுதியாகும். அதற்கு முந்தைய சில வாரம் அது பார்க்கப் பரிதாபமாக இருக்கும். அந்தக் கோலத்தில் சந்தைக்குக் கொண்டுபோனால் வியாபாரி சொன்னதுதான் விலை. தயவுசெய்து ஒரு மாதம் பொறுங்கள்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "இலையுதிர் காலத்தில்தானே இறகு கொட்டும், இப்போது ஏன்?" என்று கேட்பவர்களும் உண்டு. அங்கே சொல்வது ஒன்றரை வயதை ஒட்டிய பெரிய கோழிகளைப் பற்றி. பகல் பொழுது குறையக் குறைய அவை முட்டையை நிறுத்தி இறகை உதிர்க்கும். லண்டனில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். கோயம்புத்தூரில் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். அதனால் நம் ஊர்ப் பெரிய கோழிகளே அவ்வளவு ஒழுங்காக ஒரே மாதத்தில் உதிர்ப்பதில்லை. குஞ்சுகளுக்கோ வயதுதான் கணக்கு. தை, மாசியில் அடை வைத்துப் பொரித்த குஞ்சுக்கு மூன்று, நான்கு மாதம் ஆகும்போது நமக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கிவிடுகிறது. பாதி மொட்டையாக நிற்கும் குஞ்சு அந்தக் காற்றில் ஒடுங்கிப்போகும். மேற்குப் பக்கம் ஒரு சாக்குப் படுதா கட்டுங்கள், தரையில் காய்ந்த உமி போடுங்கள்.

கவனம் எல்லாம் தீனியில் இருக்க வேண்டும். இறகில் ஏறக்குறைய 90 சதவீதம் புரதம். நாம் வாசலில் வீசும் சோளத்திலும் கம்பிலும் இருப்பது பத்துப் பதினொரு சதவீதம். உடம்பும் வளர வேண்டும், இறகும் முளைக்க வேண்டும் என்றால் அது எங்கே போதும்? கடலைப் புண்ணாக்கில் புரதம் நிறைய; ஆனால் இறகுக்கு முக்கியமாகத் தேவைப்படும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் அதில் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் அது கூடுதல். சிவகிரி, வெள்ளகோவில் பக்கம் இருப்பவர்களுக்கு எள்ளுச் செக்கு பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டையும் கலந்து கொடுங்கள். பூஞ்சை பிடித்த புண்ணாக்கு மட்டும் கூடவே கூடாது. மீன் தூள் நல்லது, ஆனால் உப்புக் கருவாட்டை இடித்துப் போட்டுவிடாதீர்கள். உப்பு மிஞ்சினால் குஞ்சு செத்துப்போகும்.

காசில்லாத வழி ஒன்று நம் காடுகளிலேயே இருக்கிறது: கரையான். ஓட்டைப் பானையில் கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, பொழுது சாய்கிற நேரத்தில் கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் பானையைத் தூக்கிக் குஞ்சுகள் நடுவே தட்டினால் ஒன்றுகூட மிஞ்சாது. நம் பாட்டிமார் புரதம் என்ற சொல்லைக் கேட்காமலே செய்தது இது. குஞ்சுப் பருவத்தில் இதைவிடச் சிறந்த தீனியை நான் அறியேன்.

சரி, எல்லா இறகு உதிர்தலும் வளர்ச்சிதானா? இல்லை. அதனால்தான் குஞ்சைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். இயல்பாக உதிர்வது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கழுத்திலிருந்து தொடங்கி நடக்கும். புது இறகு ஒரு மெழுகு உறைக்குள் சுருண்டு, அடித்தண்டு கருநீலமாகத் தெரியும். அந்தத் தண்டுக்குள் ரத்தம் ஓடுகிறது. அழுத்தினால் வலிக்கும், ஒடிந்தால் ரத்தம் கொட்டும். மற்ற குஞ்சுகள் அந்தச் சிவப்பைக் கண்டால் கொத்தத் தொடங்கிவிடும். ஆகவே சிறகைப் பிடித்துத் தூக்காமல் உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள்.

வாலடியிலும் முதுகிலும் மட்டும் இறகு பிய்ந்து, குறைத்தண்டுகள் நின்றால் அது கொத்துச் சண்டை. ஒரு பஞ்சாரத்துக்குள் அளவுக்கு மேல் அடைத்தால் இது வரும். இடம் கொடுங்கள், பகலில் திறந்துவிடுங்கள். எச்சத்துவாரத்தைச் சுற்றி இறகின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக முட்டை ஒட்டியிருந்தால் பேன். இரவில் டார்ச் அடித்துக் கூண்டின் இடுக்குகளைப் பாருங்கள். பகலில் கண்ணில் படாத சிவப்புச் செள்ளு அங்கேதான் பதுங்கியிருக்கும். அது ரத்தம் குடித்தால் கொண்டை வெளுத்துவிடும். கூண்டைக் காலி செய்து இடுக்கெல்லாம் சுத்தம் பண்ண வேண்டும். குஞ்சுகள் புரள, மணலும் அடுப்புச் சாம்பலும் வேப்பிலைத் தூளும் கலந்து ஒரு குழி போட்டு வையுங்கள். பருத்திக்கும் தென்னைக்கும் அடிக்கும் பூச்சி மருந்தைக் குஞ்சின் மேல் தெளிப்பதையும், மண்ணெண்ணெய் தடவுவதையும் இன்றும் சில வீடுகளில் பார்க்கிறேன். மனம் பதறுகிறது. பேனோடு சேர்ந்து குஞ்சும் போய்விடும்.

கழுத்தறுத்தான் கோழி வாங்கியவர்கள் கழுத்தில் இறகு முளைக்கக் காத்திருக்க வேண்டாம்; அந்த இனத்துக்கு அங்கே இறகு கிடையாது. உடம்பிலும் இறகு குறைவு என்பதால் நம் கோடையை அது நன்றாகத் தாங்கும்.

குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்தால் அது இறகுப் பிரச்சினை அல்ல. உடனே மற்ற கோழிகளிடமிருந்து பிரித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி அரசுக் கால்நடை மருந்தகங்களில் போடுகிறார்கள். பிப்ரவரியில் அதற்கென இருவார முகாமும் நடக்கிறது. மாசிக் குஞ்சுக்குத் தாய்க்கோழியோடு சேர்த்துத் திட்டமிட அது ஏற்ற சமயம். கோவை சரவணம்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையத்தில் நாட்டுக்கோழி வளர்ப்பு பற்றி நேரில் கேட்டும் தெரிந்துகொள்ளலாம்.

இனி எங்களை அழைக்கும்போது குஞ்சுக்கு எத்தனை வாரம், என்ன தீனி, இரவில் எங்கே அடைக்கிறீர்கள், எந்த இடத்தில் இறகு இல்லை என்ற நான்கையும் பார்த்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள். நீங்கள் கரையான் பிடிக்கும் முறை வேறாக இருந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்